வெள்ளையப்பன் பாபு

ஆண்டியப்பன் ரங்கூனில் பிறந்த பர்மா பிரஜை. கல்கத்தாவில் தங்குவதற்கு அவர் வைத்திருந்த அனுமதி அட்டையை ஹவுரா டிராமில் எவனோ பர்ஸோடு அடித்துவிட்டான். வேறு அட்டைக்கு மனுக் கொடுக்கப் போனபோது குமாஸ்தா நிமிராமலே கேட்டார்.

"டைட்டில் என்ன தாதா? பானர்ஜி, கோஷ் மாதிரி?"

"எங்க ஆளுகளுக்கு அதெல்லாம் கிடையாது சார். அப்பா பேர்தான் இனிஷியல்."

"அப்போ அதையே போடுங்க."

ஆண்டியப்பன் அந்த இடத்தில் வெள்ளையப்பன் என்று எழுதினார். ரங்கூன் மரவாடி ரம்பத்தில் வலது கட்டைவிரலைப் பறிகொடுத்து, அந்த ஊரிலேயே செத்தும் போனவர் அப்பா.

அன்றிலிருந்து அந்த ஆபீசில் 'வெள்ளையப்பன் பாபு' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆண்டியப்பனும் அந்தப் பேருக்கே எழுந்து போனார்.

பூஜை லீவு முடிந்து அட்டையை வாங்கப் போனபோது குமாஸ்தா எரிந்து விழுந்தார்.

"வெள்ளையப்பன் பாபு காலையிலேயே வந்து அட்டையை வாங்கிட்டுப் போயிட்டாரே! கைலி கட்டின வயசானவர். வலது கட்டைவிரல் இல்லை, இடது கை ரேகைதான் வச்சார்."

"அது எங்கப்பா சார். அவர் செத்துப் பல வருஷமாச்சு."

"அவர்கிட்ட அட்டை இருக்கு. உங்ககிட்ட என்ன இருக்கு?"

ஆண்டியப்பனிடம் டிராம் டிக்கெட் இருந்தது.

பவானிபூரில் அவர் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே அப்பா நாலு விரலால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ஆண்டியப்பனின் மனைவி சிவகாமி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"மாமா, யாரோ வந்திருக்காக."

அப்பா பிரியமாகத்தான் கேட்டார்.

"பேப்பர் ஏதும் வச்சிருக்கியாப்பா?"