ஆறாம் நாள் நடை

பயந்து ஒடுங்கிய விலங்குகளுக்கு வைத்தியம் பார்த்துவந்தது கீரி. முதலையிடம் தப்பிய மான் ஒன்று, ஆற்றுப் பக்கமே போகாமல் பனித்துளியை நக்கி மெலிந்துகொண்டிருந்தது. "ஓய்வெடு" என்றுதான் கீரி இதுவரை சொல்லிவந்தது. பக்கத்துக் காட்டில் இருபது மான்களைத் தேற்றிய முறையோ வேறு என்று அண்மையில் கேள்விப்பட்டது: தினமும் நூறடி ஆற்றை நோக்கி நடக்க வேண்டும். அதையே இந்த மானிடமும் சொன்னது.

"முதலை வந்துவிட்டால்?" என்றது மான்.

"முதலை இல்லாத துறைதான், நேற்றே பார்த்தேன். நானும் கூட வருகிறேன்."

ஆறாம் நாள், தண்ணீர் கண்ணில் பட்டதும் மான் வெடவெடத்து நின்றது. 'திரும்பிவிடலாம்' என்று கீரிக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லாமல் ஒட்டி நின்றது. மெல்ல நடுக்கம் தணிந்தது. மான் தானே இறங்கிக் குடித்தது.

கீரிக்கு மகிழத் தோன்றவில்லை. பருந்துக்குப் பயந்து வளைக்குள் கிடந்த முயலுக்கும் அது ஓய்வைத்தான் சொல்லியிருந்தது. முயல் உயிரோடிருக்க வேண்டுமே என்று கீரி அந்த வளையை நோக்கி ஓட்டமெடுத்தது.