காத்து குடிக்கும் செடி

"செடிக்குக் காத்து காட்னியாடி?"

கட்டிலிலிருந்து மாமியார் மங்கம்மாளின் குரல் வந்தபோது ஜெயம்மாள் அடுப்பில் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் உட்காரவில்லை. மருமகள் சாப்பிட்டாளா என்று கேட்க நாதியில்லை, செடி காத்து குடித்ததா என்று கேட்க ஆள் இருக்கிறது.

"இதோ எடுத்துக்கினு போறேன் அத்தே."

மலைமேல் இருக்கும் காவலூருக்குக் குடித்தனம் வந்த நாளிலிருந்தே அவளுக்குத் தூக்கத்துக்குப் பஞ்சம். கணவன் தேவராஜுக்கு, நட்சத்திரம் பார்க்கிற இடத்தில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஊர் தூங்கும்போது அவன் விழித்திருப்பான். ஊர் விழித்ததும் வந்து படுப்பான். பகலில் உலக்கை போடக் கூடாது, பாத்திரம் உருளக் கூடாது, பூனை மாதிரி நடக்க வேண்டும். சத்தம் போடுகிற வேலையெல்லாம் ராத்திரிக்குத் தள்ளிப்போகும்.

அதோடு போயிற்றா? கீழே சொந்த ஊரான ஒடுகத்தூரில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து மாமியார் இடுப்பை ஒடித்துக்கொண்டாள். அவளையும் மலைக்குக் கொண்டுவந்து கட்டிலில் சேர்த்த பிறகு மிச்ச ராத்திரியும் பறிபோனது. தண்ணி கொடு, புரட்டிப் போடு, கால் மரத்துப்போச்சு என்று விடிய விடியக் கூப்பாடு. கொஞ்சம் படேன் என்று தேவராஜ் எப்போதாவது சொன்னால், நான் படுத்தால் அடுப்பு தானாக எரியுமா என்று ஜெயம்மாள் அவன்மேல் பாய்வாள்.

இந்த அழகில் ஒரு செடி வேறு.

விறகு கொண்டுவந்து போடுகிற மலைக்காரி அம்மாக்கண்ணு போன மாசம் அதைக் கொண்டுவந்தாள். காட்டு மரங்களில் ஒட்டிக்கொண்டு வளர்வது. மண் வேண்டாம், தொட்டி வேண்டாம். மரப்பட்டையோடு பெயர்த்து வந்திருந்தாள். வேர்கள் அந்தரத்தில் தொங்கின. கிழவிக்கு அதன்மேல் என்ன மோகமோ, இங்கேயே இருக்கட்டும் என்றுவிட்டாள்.

இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதற்கு நடந்த உபசாரம் இருக்கிறதே, மாப்பிள்ளைக்குக்கூட அப்படி நடக்காது. காற்றுதான் அதற்குச் சோறாம். சாயங்காலம் தேவராஜ் வேலைக்குக் கிளம்பியதும் கொல்லைப் புளியமரத்தடிக்கு அதைத் தூக்கிப் போக வேண்டும். ஆடு கடிக்காமல் பக்கத்திலேயே ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் கையில் எந்த வேலையும் வைத்துக்கொள்ளக் கூடாது, வைத்துக்கொண்டால் செடி காற்றைக் குடிக்காது.

ஒருநாள் சும்மா உட்காருவானேன் என்று ஜெயம்மாள் உரிப்பதற்கு வேர்க்கடலையை எடுத்துப் போனாள். அம்மாக்கண்ணு பின்னாலேயே வந்து முறத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பொழுது சாயும்வரை உள்ளே கிழவிக்கும் அம்மாக்கண்ணுவுக்கும் வெற்றிலையும் ஊர்க்கதையும். வெளியே மருமகள் காவல். இந்த அநியாயத்தை ஜெயம்மாள் கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். அம்மாவுக்கு ஏதோ ஆசை, விடு என்று சொல்லிவிட்டு அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். மலைச் செடியின் குணம் மலைக்காரிக்குத் தெரியாமலா இருக்கும் என்று அவளும் தினமும் கண் கொட்டாமல் காவல் காத்தாள். இருக்கிற வேலையோடு அதுவும் ஒரு வேலையானது.

இன்றைக்குப் பட்டையைத் தூக்கும்போதே கொட்டாவி வந்தது. முந்தின ராத்திரி முழுக்கக் கிழவிக்கு இருமல். முதுகைத் தடவிக்கொண்டே விடிந்துவிட்டது.

செடியைப் புளியமரத்து வேர்மேல் வைத்துவிட்டு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். மலைக்காற்று சிலுசிலுவென்று வந்தது. இப்படியே நான் செத்துக் கிடந்தால்கூடச் செடி பத்திரமா என்றுதான் முதலில் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். அழுகை வந்தது. அழுது முடிக்கத் தெம்பில்லை.

கண்ணைத் திறந்தபோது வெயில் போயிருந்தது. எதிரே ஒரு வெள்ளாடு வாயை அசைத்துக்கொண்டு நின்றது. வேர்மேல் வெறும் பட்டை கிடந்தது.

ஜெயம்மாள் துள்ளி எழுந்தாள். ஆட்டை இனி விரட்டி என்ன ஆகப்போகிறது? காற்றில் பறந்துவிட்டது என்று சொல்லலாமா, யாரோ திருடிவிட்டார்கள் என்று சொல்லலாமா என்று யோசித்தாள். பொய் சொல்லவும் அலுப்பாக இருந்தது. பட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலருகில் நின்றாள்.

"செடிய ஆடு தின்னுடுச்சி அத்தே."

கிழவி பட்டையைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணுவின் விரல் அப்படியே நின்றது.

"ஆடு திங்கற வரைக்கும் நீ இன்னாடி பண்ணிக்கினு இருந்தே?"

என்ன ஏச்சு வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று ஜெயம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தூங்கிட்டேன்."

"நல்லா தூங்குனியா?"

இது என்ன கேள்வி என்று அவளுக்கு விளங்கவில்லை. "ஆடு வந்ததே தெரியல அத்தே" என்றாள்.

மங்கம்மாள் அம்மாக்கண்ணுவின் பக்கம் மெல்லத் தலையைத் திருப்பினாள். பொக்கை வாயெல்லாம் சிரிப்பு.

"ஒரு வழியா தூங்கிட்டாடி. நாளைக்கு வேற ஒண்ணு கொண்டா அம்மாக்கண்ணு. இந்தத் தபா ஆடு திங்காத செடியா பாத்துக் கொண்டா. பாவம், இவ இன்னுங் கொஞ்ச நேரம் தூங்கியிருப்பா."