விளக்கு தயாராகும் சத்தம்

ஸ்டுடியோவின் வெள்ளைத் திரைக்கு முன்னால் தலைமை ஆசிரியை விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். ஓய்வுபெறப் போகிறார், பள்ளிச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். "எந்தப் போட்டோல பார்த்தாலும் யாரையோ திட்டுற மாதிரியே இருக்கேன்பா" என்கிறார், அதையும் திட்டுகிற மாதிரியே. ஃப்ளாஷ் பளிச்சிட்டு அடங்கியதும் மேஜைக்கடியிலிருந்து "ம்ம்ம்" என்று மெல்ல ஏறும் ஒரு முனகல் கேட்கிறது. போட்டோக்காரரின் ஒன்பது வயது மகள் அங்கே உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், லென்ஸ் மூடிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். ஆசிரியையின் புருவம் நெரிகிறது. ஆட்டிசம் என்று விளக்கி, மன்னிப்புக் கேட்டுக் கேட்டே தகப்பனுக்கு வாய் வலித்துப்போன காலம் ஒன்று உண்டு. இப்போது அந்தக் குரலில் கர்வம்கூட எட்டிப் பார்க்கிறது. "அது ஃப்ளாஷ்ல சார்ஜ் ஏறுற சத்தம் டீச்சர். என் காதுக்கு எட்டாது, அவளுக்குக் கேக்கும், அதையே முனகுறா. நிறுத்தினா லைட் ரெடின்னு அர்த்தம். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல." அவர் சொல்லி முடிக்கும்போது முனகல் நிற்கிறது. இன்னொரு பளிச். மறுபடி "ம்ம்ம்." ஆசிரியை தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டிக்கொள்கிறார். நாற்பது வருடம் 'சத்தம் போடாதே' என்று அதட்டிய அந்த வாயிலிருந்து, கூச்சத்தோடு, ஒரு "ம்ம்ம்" கிளம்புகிறது. மேஜைக்கடியிலிருந்து சின்னக் கை ஒன்று நீண்டு, இன்னும் மேலே என்று விரலை ஆட்டுகிறது. ஆசிரியை கீழ்ப்படிந்து சுருதியை ஏற்றுகிறார். முகத்தில் அதிகாரமெல்லாம் கழன்று, முதல் பெஞ்சு மாணவி ஒருத்தி வந்து உட்கார்ந்துகொள்கிறாள். சிறுமி நிறுத்துகிறாள். அவரும் நிறுத்துகிறார். கேமராவைப் பிடித்தபடி வேலையை மறந்து நிற்பவர் போட்டோக்காரர் ஒருவர்தான். "அப்பா!" மேஜைக்கடியிலிருந்து, அச்சு அசல் அவர் குரலிலேயே, அதட்டல் வருகிறது: "நிறுத்தினா லைட் ரெடின்னு அர்த்தம்."