மூன்றாம் தட்டுக் குடுவைகள்

இருட்டறைக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே யாரோ இருந்தார்கள். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

தட்டவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றுதான் காலையிலிருந்து இந்தப் பக்கம் வந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி பதினொன்று பத்து.

உள்ளே ஓர் அலமாரி, அதில் எட்டுக் கண்ணாடிக் குடுவைகள், குடுவைகளில் குளத்துப் பாசி. சாதாரணப் பாசி இல்லை. இதில் ஒரே ஒரு செல் என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். வெளிச்சத்தில் இருந்தால் அந்தச் செல்லின் சவ்வு சுருக்கம் சுருக்கமாக மடிந்துகொள்ளும். இருட்டில் போட்டால் மடிப்புகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, இஸ்திரி போட்ட துணி மாதிரி ஆகிவிடும்.

இது நான் சொல்வது. ‘அப்படியா, கரைவதைக் காட்டுங்கள் பார்ப்போம்’ என்று கேட்டிருந்தது என் கட்டுரையை வெளியிட வேண்டிய ஆய்விதழ். காட்டாவிட்டால் மூன்று வருட உழைப்பு குப்பைக்கூடைக்கு. கடைசி நாள் நாளை.

பதினெட்டு நாள் இருட்டில் வைத்து, நேற்று நுண்ணோக்கியில் பார்த்தேன். ஆறு குடுவைகள் நான் சொன்னபடியே. மூன்றாம் தட்டில் இருந்த இரண்டில் மட்டும் பாதிக்குப் பாதி மடிப்பு அப்படியே இருந்தது.

பிடித்த ஆறைக் காட்டிவிட்டு, பிடிக்காத இரண்டை மறைப்பது அயோக்கியத்தனம். இன்னொரு பதினெட்டு நாளுக்கு எங்கே போவேன்?

பாசிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அங்கே கிடக்கும் ஸ்டூலில் உட்கார்ந்தால் மூன்றாம் தட்டு தோள் உயரத்துக்கு வரும். ஒருநாள் வெளிச்சம் பட்டு இவ்வளவு மடிப்பு மிஞ்சாது. யாரோ தினம் தினம் வந்து உட்கார்ந்து, பக்கத்திலேயே விளக்குப் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! நேரே இயக்குநரிடம் போனேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் பெயரை எழுதிக் கொடுங்கள், சீட்டைக் கிழித்துவிடலாம் என்றார் அவர்.

“எவனாவது வேலைக்கு டிமிக்கி குடுத்துட்டு உள்ள உக்காந்து படம் பாத்திருப்பான் மேடம்” என்றார் ஆய்வக உதவியாளர். யார் வீட்டில் என்ன சண்டை என்பது வரை அவருக்கு அத்துப்படி. இது மட்டும் எப்படியோ தெரியாமல் போயிருந்தது.

உள்ளேயிருந்து டர்ர் டர்ர் என்று ஏதோ சின்னச் சத்தம். போன் அதிர்கிறது, எடுக்கக்கூட நேரமில்லை துரைக்கு என்று நினைத்துக்கொண்டேன். திட்ட வேண்டியதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது.

பதினொன்றரைக்குத் தாழ்ப்பாள் விலகியது.

தபால் பிரிவில் வேலை பார்க்கும் பெண். என்னைக் கண்டதும் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டாள். தோளில் ஒரு துணிப்பை. கையில் சின்ன பாட்டில், அதில் இரண்டு விரற்கடை அளவுக்குப் பால்.

“டார்ச் போடாம இந்த பம்ப்பை மாட்ட வரல மேடம். உள்ள தாழ்ப்பாள் இருக்கிற ரூம் இது ஒண்ணுதான். குழந்தைக்கு அஞ்சு மாசம்...”

குடுவைகளை அவள் தொட்டதே இல்லையாம். பழைய அழுக்குத் தண்ணீர், யாரோ கொட்ட மறந்துவிட்டார்கள் என்று நினைத்தாளாம்.

நான் திட்டவில்லை. பால் கெடுவதற்குள் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லி அனுப்பினேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அறைக்கு வந்து இயக்குநருக்குக் குறிப்பு எழுதினேன். சோதனை வீணாகிவிட்டது என்று எழுதினேன். பொறுப்பானவர் என்று போட்டு, அதற்கு நேரே என் பெயரை எழுதினேன்.

எட்டிப் பார்த்த உதவியாளர் தலையில் அடித்துக்கொண்டார். “எதுக்கு மேடம் அடுத்தவங்க பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீங்க? இவ்வளவு இளகின மனசு ஆகாது.”

இளகின மனசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதினேன்.

இந்தக் கட்டடத்தில் யாருக்கு எந்த அறை என்று முடிவு செய்யும் குழுவுக்கு நான்தான் தலைவி. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு விண்ணப்பம் வந்தது. மூன்றே வரி. தாய்ப்பால் எடுத்து வைக்க, உள்ளே தாழிட்டுக்கொள்ளக்கூடிய ஓர் அறை வேண்டும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆறு மாதத்துக்குக் கிடைத்தால் போதும் என்று எழுதியிருந்தது.

யார் எழுதியது என்றுகூட நான் பார்க்கவில்லை. ‘இடமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த காகிதத்தை எடுத்தேன்.