தனி அடுப்பு

"அண்ணன் செத்து ஆறு மாசம்கூட ஆவல டீச்சரம்மா. நடு வூட்ல செவுரு எழுப்பிட்டான் பாவி! அண்ணிக்காரிக்குப் பின்னால ஒரு ரூமு, தனி அடுப்பு. இன்னா மனுசன் இவன்?"

எதிர்வீட்டு எல்லம்மாள் இப்படிச் சொன்னதும் தமிழ்ச்செல்வி அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்த பள்ளிக்கூட டீச்சர் அவள். போனில் மேப். மேப்பில் தெரியும் ஒவ்வொரு வீட்டையும் தொட்டு நம்பர் போட வேண்டும். அதே மேப்பில் சிவப்பாய் ஒரு கோடு, புதுசாய் இழுத்த எல்லை. கிழக்கே கடல் பக்கம் பேரூராட்சி, மேற்கே கிராம ஊராட்சி. கோடு இழுத்த புண்ணியவான் யாரோ, எல்லம்மாள் திட்டிய அந்தத் தம்பி பெஞ்சமின் வீட்டைப் பூசணிக்காய் மாதிரி நடுவில் பிளந்து வைத்திருந்தார். முன்வாசல் டவுனில், பின்கட்டு கிராமத்தில்.

உள்ளே போய்ப் பார்த்தால் எல்லம்மாள் சொன்னது அத்தனையும் நிஜம். கூடத்தை மறித்துப் புதுச் சுவர். பூச்சுகூட இல்லை. அதை ஒட்டி ஒரு பீரோ.

"வீட்ல எத்தனை பேர்?"

"நானு, எம் பொண்டாட்டி ஜெனிஃபரு, கொயந்த. மூணு பேரு." கல்பாக்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் பெஞ்சமின் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"உங்க அண்ணி?"

"அவங்க தனி."

"சமையல்?"

"அதுவும் தனிதான்," என்று ஜெனிஃபர் முந்திக்கொண்டாள். "வாசலும் பின்னால தனியா கீது. சுத்திக்கினு போங்க டீச்சர்."

கூசாமல் சொல்கிறாளே! தமிழ்ச்செல்விக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே அடுப்பில் சாப்பிட்டால் ஒரே குடும்பம், அடுப்பு வேறென்றால் குடும்பம் வேறு. கணக்கெடுப்பின் சட்டம் அது. அதை இப்படி ஒரு வீட்டில் எழுத வேண்டி வரும் என்று அவள் நினைக்கவே இல்லை.

பின்வாசலில் ரெபேக்காள் காத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயசு இருக்கும். நூறு நாள் வேலையில் ஆட்களுக்கு வருகை போடுகிறவள். மகள் சிநேகா செங்கல்பட்டில் நர்சிங் படிக்கிறாளாம். ஹாஸ்டல்.

"தனிச் சமையலாம்மா?"

"ஆமா டீச்சர்."

உள்ளே சுவரை மறைத்துக் கொடியில் புடவைகள். அடுப்பைப் பார்த்தாள் தமிழ்ச்செல்வி. ஒரு சொட்டு எண்ணெய் படாமல் பளபளவென்று இருந்தது. மணி பன்னிரண்டரை. பக்கத்தில் ஒரு பாத்திரம் இல்லை, அரிசி கழுவின ஈரம்கூட இல்லை. அடிப்பாவிகளா, இந்தப் பொம்பளையைப் பட்டினியா போட்டிருக்கீங்க?

"பயப்படாம சொல்லுங்க. உங்களை வெளியே தள்ளிட்டாங்களா? நான் மேலே சொல்றேன்."

"ஐயையோ, அதெல்லாம் வேணாம் டீச்சர்!" ரெபேக்காள் பதறிப்போனாள். "தனின்னு போட்டு, நம்பர மட்டும் இந்த வாசல்ல எழுதிட்டுப் போங்க. புண்ணியமாப் போவும்."

எவ்வளவு மிரட்டி வைத்திருந்தால் இப்படி நடுங்குவாள்! இரண்டு குடும்பம் என்று பதிந்து, கோபம் தீர பட்டனை அழுத்தினாள் தமிழ்ச்செல்வி. உடனே போன் வந்தது. சூப்பர்வைசர் கிருபாகரன்.

"கோடு நடுவுல போற வீடு தானே டீச்சர்? மூணு மணிக்கு நானே வந்து பாக்குறேன்."

வரட்டும். வந்து நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கட்டும்.

அடுத்த தெருவுக்குப் போனாள். வேலை ஓடவில்லை. அந்தப் பளபள அடுப்பே கண்ணுக்குள் நின்றது. மெயின் ரோட்டுக் கடையில் ஒரு தக்காளி சாதம் பார்சல் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். சாத்தியிருந்த பின்கதவைத் தள்ளினாள்.

தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கொடியில் கிடந்த புடவைகள் ஒதுங்கியிருந்தன. அந்தப் பக்கம் பீரோவைக் காணோம். அது நின்ற இடத்தில் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வழி. அந்த வழியில், அங்கே பாதி இங்கே பாதியாக, எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரே சோற்றுக் குண்டான், ஒரே சட்டி நெத்திலிக் குழம்பு. குழந்தை ரெபேக்காள் மடியில். கரண்டியும் அவள் கையில்தான்.

பெஞ்சமின் வாய்க்குக் கொண்டுபோன கையைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

"என்னங்க இது அநியாயம்?" என்றாள் தமிழ்ச்செல்வி.

"தப்புதான் டீச்சர்," என்று எழுந்தான் பெஞ்சமின். "கோடு வந்தப்பவே ஆபீஸ்ல சொல்ட்டாங்க. டவுன் பக்கம் வாசல் இருந்தா நூறு நாள் வேலை கெடையாதாம். அண்ணி அத வெச்சுதான் சிநேகாவ படிக்க வெக்குது. நாங்க குடுத்தா கையால தொடாது. உங்க நம்பரப் பாத்துதான் எந்த ஊருன்னு முடிவு பண்ணுவாங்கன்னு சொன்னாங்க. அதான் செவுரு. ஊரே என்னைக் காறித் துப்புது. துப்பட்டும், பரவால்ல."

ஜெனிஃபருக்குக் கண் கலங்கிவிட்டது.

"செவுரு உங்க மேப்புக்குத்தான் டீச்சர். சோத்துக்கு இல்ல."

தமிழ்ச்செல்விக்கு முகம் எரிந்தது. இந்த மனுஷனையா மனசுக்குள் அப்படித் திட்டித் தீர்த்தோம்? பார்சலைக் குண்டான் பக்கத்தில் வைத்தாள். வாசல்வரை போனவள், நின்று திரும்பினாள்.

"மூணு மணிக்கு சூப்பர்வைசர் வராரு. அதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சு பீரோவை இழுத்து வெச்சுடுங்க. அப்புறம், அந்தத் தனி அடுப்புல கொஞ்சம் பாலைப் பொங்கி வழிய விடுங்க. இவ்வளவு சுத்தமா இருந்தா எவன் நம்புவான்?"