இளைத்துக்கொண்டே வந்த குதிரை

“குதிரையை எடுத்துடுங்கம்மா.”

கத்தரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். புள்ளிவிவர அலுவலகத்தில் பிரிவுத் தலைவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் அது. எந்த அட்டவணை அவர் கைக்குப் போனாலும் நாலு வரியாவது உதிர்ந்துதான் திரும்பும்.

‘சொந்த வேலை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு விடுப்பில் போனவர், முந்தாநாள்தான் திரும்பியிருந்தார். வந்ததிலிருந்து டீயைக்கூடக் குடிப்பதில்லை. தட்டைப் போட்டு மூடி, மேசை ஓரத்தில் கோப்பு மாதிரி வைத்துவிடுகிறார்.

“சார், பதினோரு வருஷமா நீங்களே கையெழுத்துப் போட்ட குதிரை அது” என்றாள் அட்டவணைக்காரி.

நாட்டின் ஐம்பதாண்டு ராணுவச் செலவை வருஷாவருஷம் தொகுப்பது அவள் வேலை. அன்றைய காசையெல்லாம் இன்றைய விலைக்கு மாற்றினால்தான் செலவு ஏறியதா, இறங்கியதா என்று தெரியும். பீரங்கி ஏறியிருந்தது, விமானம் எகிறியிருந்தது. ‘குதிரை ஒன்றுக்குத் தீவனம்: 360’ என்ற வரியில் மட்டும் கொடுத்த காசு அசையவே இல்லை.

“குதிரைப்படையைக் கலைச்சு எத்தனை வருஷம் ஆச்சு?”

“நாற்பத்தஞ்சு சார். ஆனா பாவம், அதே முன்னூத்தறுபதுதான். விலைவாசியைக் கழிச்சுப் பார்த்தா வருஷாவருஷம் இளைச்சுக்கிட்டே வருது. இப்ப எலும்புதான் மிச்சம்.”

கத்தரி சிரிக்கவில்லை. “இந்த வருஷத்திலேருந்து வேண்டாம். நாலு மணிக்கு அச்சுக்குப் போகணும்.”

அட்டவணையில் இல்லாத தலைப்புக்கு அடுத்த வருஷம் ஒரு காசு ஒதுக்க மாட்டார்கள். அவள் தன் இடத்துக்கு வந்து, படைக் கணக்கு அலுவலகத்தில் பட்டுவாடா பார்ப்பவரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“அண்ணே, உங்க குதிரைக்கு இன்னைக்கு நாலு மணிக்குச் சாவு.”

“ஐயையோ! வாயைக் கழுவும்மா!”

“ஏன் இப்படிப் பதறுறீங்க? தீவனத்தை நீங்கதான் தின்னுறீங்களா?”

“தின்னிருந்தா நான் ஏன் ஓடாத் தேஞ்சு கிடக்கேன்?” பட்டுவாடாவின் குரல் சட்டென்று தணிந்தது. “யார்கிட்டயும் சொல்லிடாதே. குதிரையே கிடையாது.”

“பின்னே?”

“லாயத்துல தினக்கூலிக்கு ஒருத்தன் இருந்தானாம். ‘குதிரைக்குக் கொள்ளு வச்சிட்டு நாலு மணிக்கு வந்துடறேன், டீயை மூடி வை’ன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கான். லாயத்துல தீ. கடைசிக் குதிரையை அவிழ்த்துவிட உள்ளே போனவன் வரலை. குதிரையும் வரலை.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“தினக்கூலிக்காரன் குடும்பத்துக்குக் கொடுக்க விதி இல்லை. குதிரைக்குத் தீவன விதி இருந்துச்சு. ‘குதிரை சாகலைன்னு எழுதுய்யா’ன்னுட்டார் அப்ப இருந்த அதிகாரி. மாசம் முப்பது அந்த அம்மாவுக்குப் போகுது. இந்தக் குதிரையை மேய்க்கிறதுல நான் மூணாவது ஆள். எனக்கு முன்னாடி இருந்தவர் சாவிக்கொத்தோட குதிரையையும் ஒப்படைச்சிட்டுப் போனார்.”

“அந்த அம்மாவை நீங்க பார்த்திருக்கீங்களா?”

“இல்லை. அஞ்சல்லதான் அனுப்புறேன். இன்னமும் நாலு மணிக்கு ஒரு டீயை மூடி வைக்கிறாங்கன்னு கேள்வி. நீ எப்படியாவது காப்பாத்தும்மா. குதிரை செத்தா அந்த முப்பதும் போச்சு, துருவ ஆரம்பிச்சா என் வேலையும் போச்சு.”

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, அவள் அட்டவணையோடு கத்தரியின் முன்னால் போய் நின்றாள். வரி வைத்த இடத்திலேயே இருந்தது.

“எடுக்கலையா?”

“அது உயிரோட இருக்கு சார். நானே கண்ணால பார்த்தேன்.”

“எப்போ?”

“நே... நேத்து.”

கத்தரி முதல்முறையாக நிமிர்ந்தார். “எப்படி இருந்துச்சு?”

“வயசாயிடுச்சு சார். ஆனா திடமாத்தான் இருக்கு. தலையெல்லாம் நரைச்சு...” அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “பிடரியைச் சொன்னேன்.”

“ஏதாவது பேசுச்சா?”

“குதிரை எப்படி சார் பேசும்?”

“நல்லாப் பேசும். மாசம் பொறந்து அந்த முப்பது கைக்கு வந்ததும், ‘பாருடா, உங்கப்பா சம்பாத்தியம்’னு என்கிட்ட நீட்டும். நான் வேலைக்கு வந்த பிறகும் வேண்டாம்னு எழுதிக்கொடுக்க விடலை.”

அவர் பேனாவை எடுத்தார். பழைய ஆண்டுகளில் ஒரு கட்டத்தையும் தொடாமல், இந்த ஆண்டுக் கட்டத்தில் மட்டும் மெதுவாக ஒரு கோடு இழுத்தார்.

“அம்மா போய் மூணு வாரம் ஆச்சும்மா.”

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு. மேசை ஓரத்து டீ மூடியபடியே இருந்தது.