வலப்பக்கம்

எலி மறுபடியும் வலப்பக்கமே திரும்பியது.

இரண்டு மாதமாக அந்தப் பக்கம்தான் சர்க்கரைத் தண்ணீர் வைத்திருந்தார்கள். இன்று இடப்பக்கம் மாற்றியாயிற்று. அதன் கண்ணெதிரேதான் மாற்றினார்கள். இருந்தும் பாதை பிரிகிற இடத்தில் ஒரு கணம்கூட நிற்காமல் வலப்பக்கம் ஓடி, காலிக் கிண்ணத்தை முகர்ந்துவிட்டுத் திருதிருவென்று விழித்தது.

ஆராய்ச்சியாளன் அதற்கு மாமனார் என்று பெயர் வைத்திருந்தான். சொன்ன பேச்சைக் கேட்காது என்பதால். வீட்டில் இது தெரியாது.

சுற்றி நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கண் எரிச்சல்தான், மகளுக்குப் பல் முளைக்கிற நேரம், இரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. அழுது தீர்த்துவிட்டு விடிந்த பிறகுதான் அயர்ந்தாள். ஆனால் பேச ஆரம்பித்துவிட்டால் அவனுக்குத் தூக்கமாவது ஒன்றாவது.

மூளைக்குள் அருகருகே இரண்டு பாதைகள் என்று விளக்கினான். ஒன்று, எதற்காகப் போகிறோம் என்று கேட்டுக் கேட்டுப் போகும். மற்றது எதையும் கேட்காது. பழகிய இடம் வந்ததும் பழகிய பக்கம் திருப்பிவிடும். உடம்பு களைத்திருந்தால் அதன் கைதான் ஓங்கும்.

"எலிய விடுங்க. காலைல நான் வண்டி ஓட்டிட்டு வந்தேன். வழியில என்ன பாத்தேன்னு கேட்டா, சத்தியமா ஒண்ணும் ஞாபகம் இல்ல. காபி மெஷின் முன்னால கப்போட நிக்கிறப்பதான் எனக்கே தெரியுது!"

மறுபடியும் சிரிப்பு.

ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. கீழே வண்டிகள் நிற்கிற இடத்தில் பேருக்கு ஒரு மரம்கூட இல்லை. உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எலிகளுக்குச் சூடு ஆகாது.

கைபேசி அதிர்ந்தது. மனைவி. ஆறு மாத விடுப்பு முடிந்து இன்றுதான் வேலைக்குத் திரும்பியிருக்கிறாள்; இருட்டோடு கிளம்பிப் போனவள். முகத்தில் சிரிப்பு மாறாமலே எடுத்தான்.

"என்னங்க, காப்பகத்துலேர்ந்து இப்பதான் கூப்பிட்டாங்க. பாப்பாவ இன்னும் கொண்டுவந்து விடலையாமே? உங்ககூடவா வச்சிருக்கீங்க?"

அவன் கை சட்டைப் பைக்குப் போனது.

காப்பகத்துக்குப் பெட்ரோல் பங்க் தாண்டியதும் இடப்பக்கம். நேற்று இரண்டு முறை சொல்லியிருந்தாள். மறந்துவிடக் கூடாதென்று அவனும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். இப்போதும் அது அங்கேதான் இருந்தது.

தூக்கம் கலையாமல் மகளைத் தூக்கிவந்து, பின்சீட்டில் வைத்து, பட்டையை மாட்டியது இதே கைகள்தான். வழியெல்லாம் அவள் ஒரு சத்தமும் போடவில்லை.

மணி ஒன்றே கால். வண்டியைப் பூட்டியது எட்டரைக்கு.